எடுப்பது எத்தனை மணிக்கு?

தங்கவயல்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சாவுச் செய்தி வந்து விழுந்ததும், இரங்கல் வார்த்தைகளுக்கும் கைகூப்பும் படங்களுக்கும் நடுவே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "எடுப்பது எத்தனை மணிக்கு?" கேட்பவர் பெரும்பாலும் பெங்களூரில் இருப்பவர். அங்கிருந்து கே.ஜி.எஃப் எனப்படும் கோலார் தங்கவயல் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். மாரிகுப்பம் வண்டியைப் பிடித்தால் எடுப்பதற்குள் போய்ச் சேர முடியுமா, பங்காரப்பேட்டையில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டியிருக்குமா, அரை நாள் லீவு போதுமா, முழு நாள் சொல்லிவிடலாமா என்று அவருக்கு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். நேரம் தெரிந்தால்தான் கணக்கு முடியும்.

சமூக ஊடகம் மனிதர்களைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்று உலகெங்கும் இருபது வருடமாகப் பேசிவருகிறார்கள். தங்கவயலிலிருந்து பார்த்தால் அந்த விவாதத்தில் ஏதோ விட்டுப்போனது போலத் தோன்றுகிறது. இங்கே சமூக ஊடகம் புதிதாக உறவு எதையும் உண்டாக்கியதாக நான் நினைக்கவில்லை. சுரங்கக் கம்பெனி தன் வசதிக்காகக் கட்டிய 'லைன்' என்ற குடியிருப்பு ஒரு உறவை உண்டாக்கியது. கம்பெனி போன பிறகும் அந்த உறவு அறுந்துவிடாமல் கைபேசி தாங்கிக்கொண்டிருக்கிறது. கைபேசி தாங்குகிறது என்றாலும் அதற்கு அடியில் இரண்டு பழைய தூண்கள் இருக்கின்றன. சாவுக்குப் போயாக வேண்டும் என்ற கடமை ஒன்று. மாரிகுப்பத்துக்கு ஓடும் ரயில் இன்னொன்று.

கோலார் பகுதியில் தங்கம் இருப்பதை லெப்டினன்ட் ஜான் வாரன் 1802இல் கேள்விப்பட்டு எழுதிவைத்தார். பெரிய அளவில் தோண்டத் தொடங்கியது 1880இல், லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி உள்ளே வந்த பிறகு. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ஊரில் நிலம் இல்லாத, தீண்டாமைக்கு ஆளான தமிழர்கள். கம்பெனி அவர்களுக்கு, சுரங்கத்துக்குள் இறங்கும் வழியான ஷாஃப்டுக்குப் பக்கத்திலேயே மூங்கில் தட்டி வைத்துக் குடிசைகள் போட்டுக் கொடுத்தது. வரிசை வரிசையாக நின்ற அந்தக் குடிசைகள்தான் லைன்கள். சற்றுத் தள்ளி, தோட்டத்தோடு துரைமார் பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம். நடுவில் ஆங்கிலோ இந்தியர்களும் இத்தாலியத் தொழிலாளர்களும் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து மேற்பார்வையாளர்களாக வந்த சுரங்கக்காரர்களும். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. நூற்றிருபது வருடத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் மேலே வந்தது. இதெல்லாம் பலமுறை எழுதப்பட்ட வரலாறு. இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, ஒருவனுக்கு யார் அண்டை வீட்டார் என்பதைக் கம்பெனியே தீர்மானித்தது என்பதைத்தான். ஊரிலே சேரியில் பிறந்த ஒருவன் இங்கே லைனில் எண் போட்ட ஒரு வீட்டுக்காரன் ஆனான். அவனுடைய ஷிஃப்டும் பக்கத்து வீட்டுக்காரனுடைய ஷிஃப்டும் ஒன்றாக இருந்தால், பூமிக்கு அடியிலும் அவர்கள் அண்டை வீட்டார்தான்.

அந்த நெருக்கத்தின் பலம் 1930இல் வெளியே தெரிந்தது. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவுசெய்ய நிர்வாகம் முனைந்தபோது, ஏப்ரல் மாதத்தில் மூன்று வாரம் சுரங்கமே நின்றது. அப்போது அங்கே அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கம் எதுவும் கிடையாது. இந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் விரிவாக எழுதியிருக்கிறார். சங்கம் இல்லாமல் இத்தனை ஆயிரம் பேருக்குச் செய்தி எப்படிப் போயிற்று என்ற கேள்விக்கு, லைன்களின் அமைப்பைத் தவிர எனக்கு வேறு பதில் தோன்றவில்லை. ஒட்டிய சுவரும் பொதுக் குழாயடியும் அன்றைக்குச் செய்தி அனுப்பும் சாதனங்களாக இருந்திருக்கின்றன.

லைனுக்குள் செய்தி நடந்தே போகும். லைனுக்கு வெளியே, விட்டுவந்த ஊரோடு தொடர்பு வைத்துக்கொள்ள என்ன வழி? இந்தியாவில் அஞ்சலகங்கள் மணியார்டர் சேவையைக் கையில் எடுத்தது 1880 ஜனவரி 1 அன்று. ஜான் டெய்லர் கம்பெனி வந்ததும் அதே வருடம். தற்செயல்தான், ஆனால் நல்ல பொருத்தம். ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்களின் முதல் சமூக ஊடகம் என்று மணியார்டர் படிவத்தைச் சொன்னால் மிகையாகாது. அதன் அடியில் சில வரி எழுத இடம் உண்டு. பணம் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். வராவிட்டால் கவலை. கார்ன்வாலிலும் இதே கதைதான். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குப் போனவர்களின் பணம் கப்பல் தபாலில் வரும் நாளை நம்பி ரெட்ரூத் நகரத்துக் கடைத்தெரு நடந்திருக்கிறது. தங்கவயலில் கூலியும் கார்ன்வால் மேற்பார்வையாளரும் வெவ்வேறு உலகத்துக்காரர்கள். தபால்காரரை எதிர்பார்த்து நிற்பதில் மட்டும் இரண்டு வீட்டாரும் ஒன்று.

தபாலைவிடப் பெரிய ஒன்று 1907இல் வந்தது. அந்த வருடம் ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அடுத்த வருடமே பெயர் 'தமிழன்' என்று சுருங்கியது. தீண்டாமைக்கு எதிராகப் பண்டிதர் நடத்திய பௌத்த இயக்கம் எங்கெல்லாம் கிளை விட்டதோ அங்கெல்லாம் இதழ் போயிற்று. தங்கவயலின் மாரிகுப்பம், பெங்களூர், திருப்பத்தூர், கடல் தாண்டி ரங்கூன், தென்னாப்பிரிக்காவில் நேட்டால். வரலாறு, மதம், சாதி பற்றிய பண்டிதரின் எழுத்துக்காகத்தான் இன்றைக்கு ஆய்வாளர்கள் 'தமிழ'னைப் புரட்டுகிறார்கள். எனக்கோ அதன் ஓரங்களில் உள்ள சின்னச் செய்திகள் மேல்தான் கண். இன்ன ஊர்க் கிளையில் இன்ன கூட்டம், பௌத்த முறைப்படி நடந்த ஒரு கல்யாணம், ஒரு இறுதிச் சடங்கு, வாசகர் கேட்ட கேள்வி, அதற்குப் பண்டிதர் சொன்ன பதில். மாரிகுப்பத்தில் நடந்ததை ரங்கூனில் இருப்பவர் படிப்பார். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திராத, பார்க்கவும் போகாத மனிதர்கள் வாரம் ஒருமுறை ஒரே தாளில் சந்தித்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு பிரதியை ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்து அறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது பொது வழக்கம். ஆகவே சந்தாக் கணக்கை வைத்து வாசகர் எண்ணிக்கையை அளந்துவிட முடியாது. பண்டிதர் 1914இல் மறைந்தார். சிறிது காலத்தில் இதழும் நின்றுபோனது. 1926இல் அதை மறுபடியும் எழுப்பியது சென்னை அல்ல, தங்கவயல். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை வெளியிட்டுவந்த சித்தார்த்தா புத்தகசாலையும் தங்கவயலில்தான் இருந்தது. கூலி வேலைக்கு வந்த ஒரு சமூகம் இரண்டு தலைமுறைக்குள் தனக்கென்று பத்திரிகையும் பதிப்பகமும் வைத்துக்கொண்டது. தங்கவயல் என்றதும் தங்கத்தையும் சினிமாவையும் மட்டும் நினைத்துக்கொள்பவர்கள் இதையும் சேர்த்து நினைக்கலாம்.

பிறகு சுரங்கம் 1956இல் மைசூர் அரசின் கைக்கும், 1962இல் மத்திய அரசின் கைக்கும் போனது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் ஆனது. தங்கம் குறைந்தது, செலவு ஏறியது. நலிந்த நிறுவனங்களைக் கவனிக்கும் வாரியத்துக்கு 1992இல் விவகாரம் போய், 2000இல் மூடச் சொல்லிப் பரிந்துரை வந்து, 2001 பிப்ரவரி 28 அன்று மூடியே விட்டார்கள். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை கொடுத்த இடத்தில் கடைசியில் மிஞ்சியவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர். 1964இல் வந்த பி.இ.எம்.எல். தொழிற்சாலை இருந்தது என்றாலும், எத்தனை பேருக்கு அது இடம் கொடுக்கும்?

இங்கேதான் தங்கவயலின் கதை மற்ற சுரங்க நகரங்களின் கதையிலிருந்து விலகுகிறது. உலகத்தில் பல சுரங்க ஊர்கள் சுரங்கம் மூடியதும் ஆளில்லாமல் போயின. தங்கவயல் அப்படிக் காலியாகவில்லை. 2011 கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். காரணம், ஆங்கிலேயர் காலத்தில் 1894இல் போட்ட கிளை ரயில்பாதை. மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல், பி.இ.எம்.எல். நகர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பங்காரப்பேட்டை வழியாக வண்டி விடியுமுன்பே பெங்களூருக்குக் கிளம்பிவிடுகிறது. கட்டட வேலை, காவல் வேலை, கடை வேலை, கம்ப்யூட்டர் கம்பெனி வேலை என்று ஆயிரக்கணக்கானவர்கள் போய் இரவு திரும்புகிறார்கள். பெங்களூர் வாடகைக்குக் கட்டாது என்று லைன் வீட்டிலேயே தங்கியவர்கள் பாதி. விட்டுப்போக மனமில்லாதவர்கள் பாதி. போனவர்களும் முழுக்கப் போய்விடவில்லை. பெங்களூரிலும் ஓசூரிலும் சென்னையிலும், சிலர் வளைகுடாவிலும் இருந்துகொண்டு ஒரு காலை இங்கே வைத்திருக்கிறார்கள். பாதி போய், பாதி தங்கிய ஒரு ஊர். கைபேசிக்கு இதைவிடப் பொருத்தமான வாடிக்கையாளர் கிடைக்காது.

முதலில் வந்தது ஆர்குட். 2004 ஜனவரியில் தொடங்கி 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. பிரேசிலிலும் இந்தியாவிலும் கொடிகட்டிப் பறந்தது. பள்ளிக்கூடம், கல்லூரி, ஊர் என்று பெயர் வைத்து அன்றைக்குத் தொடங்கிய சமூகங்களில் படித்து வெளியே போன பிள்ளைகள்தான் சேர்ந்தார்கள். ஃபேஸ்புக் வந்தபோது வட்டம் விரிந்தது. ஆனால் லைனில் இருந்த ஓய்வுபெற்ற தொழிலாளியின் கைக்கு ஊடகம் வந்து சேர்ந்தது வாட்ஸ்அப்பும் 2016 செப்டம்பரில் ஜியோவும் வந்த பிறகுதான். மலிவான டேட்டா வந்ததும் அப்பாவுக்கு மகன் தன் பழைய போனைக் கொடுத்தான். பேரன் வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்தான். மறுநாளே யாரோ ஒருவர் அவரை லைன் குழுவில் சேர்த்துவிட்டார். இந்த மூன்று காரியமும் தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் நடந்தவைதான். தங்கவயலில் மட்டும் சேர வேண்டிய குழு எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. கம்பெனி நூறு வருடத்துக்கு முன்பே உறுப்பினர் பட்டியலைத் தயாராக வைத்துவிட்டுப் போயிருந்தது.

வாட்ஸ்அப் ஒரு குழுவில் ஒரு கட்டத்தில் நூறு பேரைத்தான் அனுமதித்தது. 2016இல் 256, 2022இல் 512, அதே வருட இறுதியில் 1,024. மனித மூளை நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் ஏறக்குறைய 150தான் என்று ராபின் டன்பார் சொன்ன எண்ணை இதோடு பொருத்திப் பார்ப்பது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த எண்ணில் பெரிய நம்பிக்கை இல்லை. இருந்தாலும் ஒரு லைனில் புழங்கும் மனிதர்கள் அந்த அளவுக்குப் பக்கத்தில்தான் இருப்பார்கள். ஆயிரம் பேரைச் சேர்க்கலாம் என்றானதும் பல லைன்களைக் கலந்து ஊர் அளவில் குழு தொடங்குகிறவர்கள் உண்டு. அங்கே அரசியலும் காலை வணக்கப் பூப்படமும் பெருகும். சொந்த விஷயம் பேசுகிறவர்கள் சின்னக் குழுவுக்கே திரும்பிவிடுவார்கள்.

சாவுச் செய்தியை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மேலே இறந்தவரின் படம். பெரும்பாலும் ஏதாவது கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டியது, பின்னால் யாருடைய தோளோ தெரியும். 'கண்ணீர் அஞ்சலி' என்ற தலைப்பு. அடுத்து பெயர், அதற்குப் பக்கத்தில் பட்டப்பெயர். பட்டப்பெயர் போடாவிட்டால் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது. லைனில் ஒரே பெயரில் நாலைந்து பேராவது இருப்பார்கள். அப்புறம் இன்னார் மகன், இன்னார் தம்பி. லைனின் பெயர். எந்த ஷாஃப்டில் என்ன வேலை பார்த்தார் என்பது. கிஃபோர்டு, கோல்கொண்டா என்று இன்றைக்கு இறங்க முடியாத ஷாஃப்டுகளின் பெயர்கள் இந்தச் செய்திகளில்தான் இன்னும் புழங்குகின்றன. கடைசியில் உடல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எந்தக் கல்லறைக்குப் போகிறது. எடுக்கும் நேரத்தை மட்டும் அடிக்கடி விட்டுவிடுவார்கள், வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ வந்து சேரும் நேரம் அப்போது தெரியாது என்பதால். ஆகவேதான் அந்தக் கேள்வி.

செய்தியைப் பார்த்துவிட்டுப் போகாமல் இருப்பது முன்பு சாத்தியம் இல்லை. ஏனென்றால் முன்பு செய்தியே தெரிந்திருக்காது. தந்தி கொடுப்பது நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும்தான், அந்தத் தந்தியையும் 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். மற்றவர்களுக்கு நாள் கடந்துதான் தெரியும், "சொல்லியிருந்தா வந்திருப்பேனே" என்று சொல்லிவிடலாம். இப்போது அந்தச் சாக்கு போய்விட்டது. செய்தியை யார் யார் பார்த்தார்கள் என்பதை அனுப்பியவர் தன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். நல்லதுக்கு வராவிட்டாலும் கெட்டதுக்கு வந்தாக வேண்டும் என்ற பழைய கட்டளையின் வீச்சு, லைன் எல்லையிலிருந்து பெங்களூர் வரைக்கும் நீண்டிருக்கிறது. ஊடகம் உறவின் பாரத்தைக் குறைக்கிறது என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே அது பாரத்தைக் கூட்டியிருக்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்த அமைப்பின் ஒரு தூண் சட்டென்று விழுந்தது. பயணிகள் ரயில்கள் நாடு முழுக்க நின்றன. சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று மத்திய அரசின் விதி. லைனில் ஒரு சாவுக்கு இருபது பேர் என்பது வாசலில் நிற்கும் கூட்டத்துக்கே காணாது. வீடியோ அழைப்பில் முகம் பார்ப்பதும், கல்லறைவரை கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடப்பதும் அந்த மாதங்களில் தமிழர் வாழும் எல்லா இடத்திலும் பழகிப்போனது. குழுக்கள் அப்போதும் இயங்கின. ஆனால் "எடுப்பது எத்தனை மணிக்கு?" என்று கேட்டுப் பயன் இல்லாத ஒரு காலம் அது.

ஆய்வுலகம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் மானுடவியலாளர் டேனியல் மில்லர் தலைமையில், ஒன்பது ஆய்வாளர்கள் உலகத்தின் ஒன்பது இடங்களில் போய்த் தங்கி, மக்கள் சமூக ஊடகத்தில் ஏன் பதிவிடுகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். அதில் தென்னிந்தியப் பகுதியைச் செய்தவர் ஸ்ரீராம் வெங்கட்ராமன். சென்னைக்கு அருகே தகவல்தொழில்நுட்பப் பூங்காவும் பழைய கிராமங்களும் கலந்து கிடக்கும் ஓர் இடத்துக்குப் 'பஞ்சகிராமி' என்று மாற்றுப் பெயர் வைத்து அவர் எழுதிய நூல் 2017இல் வந்தது. குடும்பம், சாதி, வர்க்கம் ஆகிய பழைய வரம்புகள் ஊடகத்துக்குள்ளும் அப்படியே நுழைந்துவிடுகின்றன என்பது அவர் காட்டும் முக்கியமான உண்மை. தங்கவயலுக்கும் அது பொருந்தும். ஒரு லைனில் பெரும்பாலும் ஒரே சமூகத்தார். ஆகவே லைன் குழு என்பது சொல்லாமலே சாதிக் குழுவும் ஆகிவிடுகிறது. அம்பேத்கர் ஜெயந்தியும் புத்த பூர்ணிமாவும் இந்தக் குழுக்களில் பொங்கலுக்குச் சமமாகக் கொண்டாடப்படுவதன் வேர் பண்டிதர் காலத்தில் இருக்கிறது.

மில்லர் அதற்கு முன்னால் மிர்க்கா மாடியானுவோடு சேர்ந்து, பிரிட்டனில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் தாய்மாரையும் ஊரில் விட்டுவந்த பிள்ளைகளையும் பற்றி ஒரு நூல் எழுதினார். தொலைபேசி, மின்னஞ்சல், வெப்கேம் எல்லாம் மலிவாகக் கையில் இருக்கும்போது, எதைத் தேர்ந்தெடுத்துப் பேசுகிறோம் என்பதே ஒரு செய்தி ஆகிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். எழுத்தில் அனுப்ப வேண்டியதைக் குரலில் அனுப்பினால் அதற்கு வேறு அர்த்தம். தங்கவயலில் இந்தத் தேர்வுக்குப் பின்னால் மொழிச் சிக்கலும் இருக்கிறது. தாத்தா தமிழ் எழுதுவார். மகன் தமிழ்ப் பள்ளியிலோ ஆங்கிலப் பள்ளியிலோ படித்தவன். பேரன் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தவன். வீட்டில் பேசும் தமிழுக்கு அவனிடம் எழுத்து இல்லை, ஆங்கில எழுத்தில்தான் அடிப்பான். தாத்தாவால் அதைப் படிக்க முடியாது. 2013இல் வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவு இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு தங்கவயல் தமிழில், நடுவே கன்னடமும் ஆங்கிலமும் புரள, ஒன்றரை நிமிடம் பேசிவிடுகிறார்கள். தமிழ் எழுத்து அருகிவரும் ஒரு வீட்டில் தமிழ்ப் பேச்சை இன்னும் கொஞ்ச காலம் நீட்டிக்க இந்தச் சின்ன வசதி உதவுகிறது என்பது என் மதிப்பீடு. பள்ளிக்கூடம் செய்ய வேண்டியதை அது செய்யாது.

ஃபேஸ்புக்கில் இருக்கும் தங்கவயல் வேறு ஊர் போல இருக்கும். ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் கனடாவிலும் குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், அவர்களுடைய பிள்ளைகள், தாத்தாவின் கல்லறையைத் தேடும் கார்ன்வால் வம்சத்தார் என்று ஆங்கிலத்தில் நடக்கும் உலகம் அது. கிளப் நடனம், கிறிஸ்துமஸ் கேக், பங்களாத் தோட்டம், கான்வென்ட் வகுப்புப் படங்கள். தங்கவயலில் பிறந்து ஆங்கிலோ இந்தியச் சமையல் நூல்கள் எழுதிவரும் பிரிட்ஜெட் வைட் குமார் போன்றவர்கள் அந்த நினைவுக்கு எழுத்து வடிவமும் கொடுத்திருக்கிறார்கள். 'குட்டி இங்கிலாந்து' என்ற பழைய பட்டம் அங்கே இன்னும் பெருமையோடு புழங்குகிறது. அதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பிறந்த இடத்தை நினைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பங்களாப் பக்கத்தில் காமிரா இருந்தது, லைனில் இல்லை. தட்டி வீட்டுக் காலத்தை லைன்காரரே எடுத்த படம் என்று காண்பது அரிது. அவர்களிடம் இருப்பது ஸ்டுடியோவில் எடுத்த கல்யாணப் படம், பள்ளிக் குழுப்படம், கால்பந்து அணிப் படம். ஆகவே இணையத்தில் தேடுகிறவன் கண்ணில் முதலில் படுவது துரைமார் தங்கவயல்தான். லைன் தங்கவயல் வாட்ஸ்அப்புக்குள், தேடுபொறி எட்டாத இடத்தில் கிடக்கிறது.

பெண்கள் எங்கே? லைன் குழுக்கள் ஏறக்குறைய ஆண்களின் குழுக்கள். லைனில் பிறந்த பெண் கல்யாணமாகி வேறு லைனுக்கோ வேலூருக்கோ ஆம்பூருக்கோ போய்விடுகிறாள். பிறந்த லைனின் பட்டியலிலிருந்து அவள் பெயர் விழுந்துவிடுகிறது, புகுந்த லைனில் அவள் இன்னார் மனைவி. அவளுக்கு இருப்பது குடும்பக் குழு, பள்ளித் தோழிகள் குழு, மற்றவர்கள் வைக்கும் ஸ்டேட்டஸ். பிறந்த வீட்டுப் பக்கத்துச் சாவுச் செய்தி அண்ணன் வழியாகத்தான் அவளுக்கு வர வேண்டும். குழாயடியில் செய்தியின் மையமாக இருந்தவர்கள் பெண்கள். செய்தி கைபேசிக்கு மாறியபோது மையம் ஆண்களிடம் போய்விட்டது. உறவைக் காப்பாற்றுகிறது என்று இந்தக் குழுக்களைப் பாராட்டும்போது யாருடைய உறவை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சாவுக்கு அடுத்தபடி குழுக்களைச் சூடாக்குவது சுரங்கம் மறுபடியும் திறக்கப்போகிறது என்ற செய்தி. இதில் வதந்தியையும் உண்மையையும் பிரிப்பது எளிது இல்லை, ஏனென்றால் உண்மையிலேயே ஏதோ ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2013இல் உச்ச நீதிமன்றம் உலகளாவிய ஏலத்துக்கு வழிவிட்டது. 2024 ஜூனில், சயனைட் கலந்த மண்மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஊர்க்காரர்கள் 'டம்ப்' என்று சொல்லும் மேடுகள் அவை. ஒவ்வொரு அறிவிப்பும் குழுவுக்குள் வரும்போது "எல்லாருக்கும் வேலை" என்று ஊதிப் பெருத்துவிடும். வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி 2018இல் வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. லைனில் அது செல்லாது; ஐந்து குழுவுக்கு அனுப்பினாலே ஊர் முடிந்துவிடும். மார்க் கிரானவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட ஓரளவு தெரிந்தவர்கள் மூலம்தான் அதிகம் கிடைக்கிறது என்று காட்டியது. திறக்காத சுரங்கத்தைப் பற்றிய செய்தியைவிட, ரயிலில் கூடப் போகிறவர் போடும் "எங்க கம்பெனியில ரெண்டு ஆள் வேணும்" என்ற ஒற்றை வரிதான் தங்கவயலுக்குச் சோறு போடுகிறது.

சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2018இலும் 2022இலும் வந்த 'கே.ஜி.எஃப்' படங்கள் ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டுபோயின. படத்தில் வரும் ஊருக்கும் இந்த ஊருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். 2024 ஆகஸ்டில் வந்த பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வட ஆற்காட்டிலிருந்து வந்த முன்னோரைப் பேசியது. அதைப் பார்த்துவிட்டுத் தன் கொள்ளுத்தாத்தா எந்த ஊர் என்று பெரியவர்களிடம் கேட்ட பிள்ளைகள் இருப்பார்கள். பதில் சொல்லக்கூடியவர்கள் குறைந்துவருகிறார்கள் என்பதுதான் இதில் அவசரமான விஷயம்.

சுரங்கம் மூடியபோது முப்பது வயதில் இருந்த தொழிலாளிக்கு இப்போது ஐம்பத்தைந்துக்குக் குறையாது. லைன் குழுவின் உயிரே அந்தத் தலைமுறைதான். பெங்களூரில் பிறந்த பிள்ளைக்கு லைன் என்பது பாட்டி வீடு. யாருடைய சாவுக்கும் லீவு போட்டு ஓடிவர வேண்டிய கடமை அதற்கு இல்லை, மாரிகுப்பம் வண்டி எத்தனை மணிக்கு என்றும் தெரியாது. அதைக் குழுவில் சேர்த்தாலும் ஒலியை அணைத்து வைத்துவிடும். இரண்டு தூணும் இல்லாத இடத்தில் செயலி மட்டும் என்ன செய்யும்?

அதற்குள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. 'தமிழன்' இதழ்கள் நமக்குக் கிடைத்தது, அன்பு பொன்னோவியம் போன்ற தனிமனிதர்கள் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்ததால். அவற்றிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த பண்டிதரின் எழுத்துகளைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. தாளுக்கு அந்த ஆயுள் இருந்தது. ஆர்குட் சமூகங்களில் எழுதியவை இன்று இல்லை. வாட்ஸ்அப் உரையாடல்கள் கைபேசிகளில்தான் இருக்கின்றன. காப்புப்பிரதி எடுத்து வைக்காவிட்டால், போன் உடைந்தாலும் களவு போனாலும் அவையும் போய்விடும். யார் எந்த ஷாஃப்டில் வேலை பார்த்தார், பட்டப்பெயர் என்ன, அணிப் படத்தில் இடமிருந்து மூன்றாவது யார் என்ற தகவல்கள் கம்பெனிப் பதிவேடுகளில்கூட இருக்காது. அஞ்சலிச் செய்திகளிலும் அதற்கு அடியில் வரும் குரல்பதிவுகளிலும்தான் இருக்கின்றன. குழுவின் உரையாடலை ஒரு கோப்பாக இறக்கி வைக்கும் வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. ஆனால் கோப்பை இறக்கினால் பெயர்களும் எண்களும், சண்டைகளும், கடன் கேட்டதும், ஒருவர் இன்னொருவர் குடும்பத்தைப் பற்றிச் சொன்னதும் கூடவே இறங்கும். ஆகவே அஞ்சலிச் செய்திகளை மட்டும் தனியே எடுத்து, இறந்தவரின் வீட்டாரிடம் சம்மதம் கேட்டு, லைன்வாரியாக அடுக்க வேண்டியிருக்கும். ஏதாவது ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறை, ஒரே ஒரு லைனை எடுத்துக்கொண்டு தொடங்கலாம்.